மூன்று மில்லிமீட்டர் தண்ணீர்

மும்பையில் பெருமழை என்றால் தொலைக்காட்சிக்காரர்கள் நேரே மாட்டுங்கா பக்கம் கிங்ஸ் சர்க்கிளுக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும்தான் ஓடுவார்கள். முழங்கால் தண்ணீர், அணைந்துபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவர், கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஆபீசுக்கு நடக்கிறவர்: ஜூலைக்கு ஜூலை இதே படம்தான். அதே நேரத்தில், அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில், மழையை வேறோர் அளவில் பார்க்கிறார்கள். ஓடுபாதையில் நிற்கும் தண்ணீர் 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதா, இல்லையா? இறங்க வருகிற பைலட்டுக்கு அங்கிருந்து முதலில் தெரிய வேண்டிய சேதிகளில் அதுவும் ஒன்று.

2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதும் ஓடுபாதையின் நிலையைச் சொல்ல ஒரே அளவுகோல் வந்துவிட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். காய்ந்த பாதைக்கு 6. ஈரமாக இருந்தால், அதாவது தண்ணீர் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால், 5. மைனஸ் 15 டிகிரியிலோ அதற்குக் கீழோ இறுகிக் கிடக்கும் பனிக்கு 4. அவ்வளவு குளிர் இல்லாத இடத்தில் இறுகிய பனிக்கு 3. 3 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து கிடக்கும் பனிக்கும் 3. பனிக்கட்டிக்கு 1, அந்தப் பனிக்கட்டியின் மேல் தண்ணீரும் நின்றால் 0.

நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன். 2. அது பாதி உருகிய பனிச்சகதிக்கு உரியது. 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கிய மழைத் தண்ணீருக்கும் அதே மதிப்பெண்தான். அதாவது, பிரேக் பிடிப்பதைப் பொறுத்தவரை, அடைமழையில் தண்ணீர் நிற்கும் மும்பை ஓடுபாதை, பனி இறுகிய ஓடுபாதையைவிட மோசமானது. பனியில் இறங்கச் சிறு விமானத்துக்கு எந்த டயர் போடுவது என்று அலாஸ்காவில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அதே தலைவலி, இன்னும் முரட்டு வடிவில், பனியையே கண்டிராத ஊருக்கும் உண்டு. ஆனால் இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதைக் கெடுக்கும். அதுதான் இதிலுள்ள வேடிக்கை.

இறுகிய பனி என்னதான் இருந்தாலும் திடப்பொருள். டயர் அழுத்தினால் நொறுங்கும், வரிகளுக்குள் புகும், கொஞ்சமாவது பற்றும். தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. அழுத்தினால் சுருங்காது, விலகித்தான் போக வேண்டும். விலகுவதற்கு நேரம் வேண்டும். போயிங் 737 போன்ற விமானத்தின் டயர் தரையைத் தொடும் பகுதியின் நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நீளத்தைக் கடக்க ஒரு நொடியில் 200இல் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் அடியிலிருக்கும் தண்ணீர் அத்தனையும் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்காவிட்டால் அது டயருக்கு முன்னால் ஆப்புப்போலக் குவிந்து, டயரையே தூக்கிவிடும். சக்கரம் தரையில் இல்லை, தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இதை ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். நாம் நீர்மிதப்பு என்று வைத்துக்கொள்வோம்.

எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும்? இதற்கு விடை சொன்னவர்களில் முக்கியமானவர் வால்டர் ஹோர்ன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். அவரும் ராபர்ட் டிரெஹரும் 1963இல் வெளியிட்ட அறிக்கையில் வந்த சூத்திரத்தை விமானப் பயிற்சி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது சொல்வோமே, அதே அளவு. அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 737இன் டயரில் சுமார் 200 பி.எஸ்.ஐ. இருக்கும். வர்க்கமூலம் 14க்குச் சற்று மேல். பெருக்கினால் 127 நாட், மணிக்கு 235 கிலோமீட்டர். அவ்வளவுதான் கணக்கு. வரியில்லாத மொழுமொழு டயருக்கும், வரியின் ஆழத்தைவிடத் தண்ணீர் ஆழமாக நிற்கும்போதும் இது பொருந்தும். வரி ஆழமாகவும் தண்ணீர் குறைவாகவும் இருந்தால் டயர் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இந்தக் கணக்கில் விமானத்தின் எடை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். எடையே இல்லை. கனமான விமானம் தண்ணீரை மிதித்துத் தள்ளிவிடும், லேசான விமானம் மிதக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் காற்றடைத்த டயர் ஒரு விசித்திரமான பொருள். அதன் மேல் எடையை ஏற்றினால் அது தரையை இன்னும் பலமாக அழுத்தாது. இன்னும் அகலமாக உட்காரும். தரையில் படும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமாகவே இருக்கும். 65 டன் எடையோடு இறங்கும் 737 விமானத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் மொத்தப் பரப்பு அரைச் சதுர மீட்டர்கூட வராது. தாராவி சந்தில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கேரம் போர்டு இருக்கிறதே, அதைவிடச் சற்றுச் சின்னது. அவ்வளவு சிறிய இடத்தை நம்பித்தான் ஏறத்தாழ 180 பேர் உட்கார்ந்து வருகிறார்கள்.

எதிரே வரும் தண்ணீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். அது டயரின் உள்ளழுத்தத்தை எட்டியதும் மிதப்புத் தொடங்கும். ஆகவே கெட்டியாகக் காற்றடித்த டயர் தண்ணீரைக் கிழிக்கும். மெத்தென்ற டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் ஏறிக்கொள்ளும்.

சிறு விமானத்துக்கு வருவோம். உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட சிறு விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். பல ரகங்களில் டயர் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும், ஒரு மாருதி காரின் அளவுதான். ஹோர்னின் சூத்திரத்தில் போட்டால் 49 நாட். செஸ்னா தரையைத் தொடுவதும் கிட்டத்தட்ட 50 நாட் வேகத்தில்தான். மயிரிழைக் கணக்கு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தரையைத் தொடும் கணத்தில் சக்கரம் சுழலவில்லை. தரைதான் உராய்ந்து அதைச் சுழற்றிவிட வேண்டும். சுழலாத சக்கரம் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும். அதற்கு 9க்குப் பதிலாக 7.7ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் செஸ்னாவுக்கு 42 நாட். தேங்கிய தண்ணீரில் 50 நாட்டில் மெதுவாக, அழகாக இறக்கினால் சக்கரம் சுழலவே தொடங்காமல் சறுக்கிக்கொண்டு போகலாம்.

மழைக்காலத்தில் மும்பையில் இறங்கும்போது விமானம் தொப்பென்று விழுந்தது, பைலட்டுக்கு இறக்கவே தெரியவில்லை என்று பக்கத்து சீட்டுக்காரர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஈரப் பாதையில் பைலட் வேண்டுமென்றேதான் அப்படி இறக்குகிறார். அழுத்தி வைத்தால் நீர்ப்படலம் கிழியும், சக்கரம் உடனே சுழலும், சுழன்றால்தான் பிரேக் வேலை செய்யும். பூப்போல இறக்கினார் என்று கைதட்டு வாங்குவதற்கு அந்த நாள் ஏற்றதல்ல.

இனி பனி. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் ஓடுபாதையே இல்லாத இடங்களில் பைப்பர் சூப்பர் கப் போன்ற குட்டி விமானங்கள் இறங்குகின்றன: ஆற்றோரக் கூழாங்கல்லில், புல்தரையில், பனியில். அவற்றுக்குப் போடும் டயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். 31 அங்குலம், 35 அங்குலம் விட்டம். விமானத்துக்குப் பொருந்தாத பிரமாண்டமான வட்டங்கள். உள்ளே காற்றோ 10 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு, கட்டைவிரலால் அழுத்தினால் குழியும். தரையில் படும் அழுத்தம் உள்ளழுத்தத்துக்குச் சமம் என்று பார்த்தோமே, இங்கே அதுதான் வரம். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் டயர் பனிக்குள் புதையாது, கல்லில் குதிக்காது. மென்பனியில் சிறிய, கெட்டியான டயர் கத்திபோல இறங்கும். முன்சக்கரம் புதைந்தால் விமானம் மூக்குக் குப்புற விழும். அதனாலேயே அங்கெல்லாம் வால் பக்கம் சின்னச் சக்கரம் வைத்த விமானங்களுக்கு இன்னும் மவுசு.

இந்த மெத்தை டயரை ஜூலை மாத மும்பைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 8 பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலம் 2.8. பெருக்கினால் 25 நாட், மணிக்கு 47 கிலோமீட்டர். ஒரு பெஸ்ட் பேருந்தின் வேகத்திலேயே அது தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடும். பனிக்கு மென்மை வேண்டும், தண்ணீருக்குக் கடினம் வேண்டும். காலையில் மைனஸ் 10 டிகிரியில் பனி, மதியம் வெயிலேறி அதே பனி சகதி என்கிற ஊரில் ஒரே டயர் இரண்டையும் சமாளிக்க வேண்டும். அங்கே டயர் தேர்வு என்பது பெரும்பாலும், எந்தத் தொல்லையைக் குறைவாகச் சந்திப்போம் என்ற கணிப்புதான்.

குளிர்நாட்டுக் கார்களுக்குப் பனிக்காலத்துக்கென்றே தனி டயர் உண்டு. நுண்ணிய வெட்டுகளும் மிருதுவான ரப்பருமாக இருக்கும். விமானத்துக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? காரை ஓட்டுவதே சக்கரம்தான். எஞ்சினின் விசை டயர் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். விமானத்தை இழுப்பது காற்றில் சுழலும் விசிறி அல்லது ஜெட். சக்கரம் சும்மா உருளும் சாமான். நிறுத்தவும் திருப்பவும் மட்டுமே அதன் பிடிப்புத் தேவை. அதோடு, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் ஒரு நொடிக்குள் பறக்கும் வேகத்துக்குச் சுழன்றாக வேண்டும். கட்டம் கட்டமாக வெட்டிய ரப்பராக இருந்தால் அந்த உலுக்கலில் நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். ஆகவே பெரும்பாலான விமான டயர்களில் சுற்றுவட்டமாக ஓடும் நான்கைந்து நேர்க்கோட்டு வரிகளைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அந்த வரிகளும் முக்கியமாகத் தண்ணீர் ஓடுவதற்குத்தான்.

பனி நாட்டில் சிறு விமானம் வைத்திருப்பவரின் கவலைகள் ரப்பரைவிடச் சில்லறையானவை. அந்தச் சில்லறையில்தான் உயிர் இருக்கிறது. வெப்பம் 3 டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். கதகதப்பான கொட்டகையில் 20 டிகிரியில் சரியாகக் காற்றடித்து, வெளியே மைனஸ் 20க்குத் தள்ளினால் பத்துச் சதவீதத்துக்கு மேல் போய்விடும். டியூப் வைத்த சின்ன டயரில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது டயர் மட்டும் விளிம்பில் நழுவித் திரும்பும், டியூபின் வால்வு அறுந்துவிடும். கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் வால்விலேயே உறையும். உலர்ந்த நைட்ரஜன் அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரத்தின் மேல் காற்றுத் தடையைக் குறைக்கப் போடும் உறை இருக்கிறதே, அதைப் பனிக்காலத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். சகதி உள்ளே புகுந்து, மேலே போனதும் உறைந்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். பூட்டிய சக்கரத்தோடு இறங்கினால் டயர் வெடிக்கும். நனைந்த பிரேக்குக்கும் அதே கதி. பனி ஆழமாக இருந்தால் டயரைப் பற்றிப் பேசுவதே வீண். சறுக்குப் பலகையைக் கட்ட வேண்டியதுதான். அதன் அடியில் வழுக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டுவார்கள், நிறுத்தி வைத்த இடத்தில் பனியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

நம் நாட்டில் பனிக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. 1948 மே 24 அன்று விமானப்படையின் மெஹர் சிங், தரைப்படைத் தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லேயில் டக்கோட்டா விமானத்தை இறக்கியபோது கீழே இருந்தது அவசரமாகச் சமன் செய்த மண்தரை. ஸ்ரீநகரில் பனி பெய்தால் எந்திரங்கள் வைத்து வழித்துத் தள்ளிவிட்டுத்தான் விமானத்தை விடுகிறார்கள். பனிக்கட்டி மேலேயே இறங்க வேண்டுமென்றால் நம்மவர்கள் அண்டார்க்டிகாவுக்குத்தான் போக வேண்டும். மைத்ரி நிலையத்துக்குப் போகும் விஞ்ஞானிகளைக் கேப் டவுனிலிருந்து ஏற்றிவரும் பெரிய ஐ.எல்.76 விமானம், நோவோ நிலையத்துக்குப் பக்கத்தில் நீலப் பனிக்கட்டியில், சறுக்குப் பலகை எதுவும் இல்லாமல், சாதாரணச் சக்கரத்திலேயே இறங்குகிறது. கடுங்குளிரில் கல்லாய் இறுகிய பனிக்கட்டி கனத்தைத் தாங்கிக்கொள்ளும். பிரேக் சரியாகப் பிடிக்காது. அதற்கு ஈடாக நீளமான பாதையும் எஞ்சின்களின் எதிர்விசையும் இருக்கின்றன.

பனிச்சகதி என்று சொன்னேனே, அது இறங்குகிறவரைவிட ஏறுகிறவரைக் கொல்லும். இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. 1958 பிப்ரவரி 6, ஜெர்மனியின் மியூனிக் நகரம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸின் அம்பாசடர் விமானம் மூன்றாவது முறையாகக் கிளம்ப முயன்றது. வேகமானி 117 நாட் வரை போனது. அதன் பிறகு ஏற வேண்டிய முள் 105க்கு இறங்கியது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஒரு வீட்டில் மோதியது. இறந்தவர்கள் 23 பேர், அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். இறக்கையில் படிந்த பனியைத் துடைக்கவில்லை என்று ஜெர்மானிய விசாரணை கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் மேல் பழியைப் போட்டது. அவர் பத்தாண்டுக்கு மேல் போராடினார். 1969இல்தான் பிரிட்டிஷ் விசாரணை அவரை விடுவித்தது: ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் கிடந்த சகதி சக்கரங்களைப் பிடித்து இழுத்துவிட்டது. சகதியும் தேங்கிய தண்ணீரும் செய்வது ஒரே கெடுதலைத்தான்: ஏறும்போது இழுக்கும், இறங்கும்போது பிடி கொடுக்காது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்ததில் வியப்பில்லை.

மும்பையின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காக, ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. கிழக்கே காட்கோபர் பக்கத்திலிருந்து வந்து மேற்கே கடலைப் பார்த்து இறங்கினால் அது 27ஆம் ஓடுபாதை. 2017 செப்டம்பர் 19 அன்று வாரணாசியிலிருந்து வந்த ஸ்பைஸ்ஜெட் விமானம் மழையில் அதைத் தாண்டிச் சேற்றில் மாட்டியது. 2019 ஜூலை 1 இரவு ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஸ்பைஸ்ஜெட்டும் அப்படியே. அன்றைய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் மானியில் 375 மில்லிமீட்டர் பெய்திருந்தது, அந்த விமானத்தை இழுத்தெடுத்துப் பாதையைத் திறக்கச் சில நாட்கள் ஆயின. 2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து எட்டுப் பேரோடு வந்த லியர்ஜெட் 45 என்ற சிறு ஜெட், கொட்டும் மழையில் பக்கவாட்டில் விலகி நொறுங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். 2025 ஜூலை 21 அன்று கொச்சியிலிருந்து வந்த ஏர் இந்தியா ஏ320 பாதையை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்து நின்றது. நான்கும் 27இல் நடந்தவை என்பதால் அது ராசியில்லாத பாதை என்று எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. எதிர்க்காற்றில் இறங்குவதுதான் முறை, அதனால் எல்லோரும் அதில்தான் இறங்குகிறார்கள். இந்த விபத்துகளுக்கு டயர்தான் காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றிலும் காற்றும், பார்வைத் தூரமும், மனிதர்கள் எடுத்த முடிவுகளும் கலந்திருக்கும்.

லியர்ஜெட் வகையில் டயர்காரர்களின் சாமர்த்தியம் ஒன்று இருக்கிறது. எஞ்சின்கள் உடலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் விமானங்களில், முன்சக்கரம் கிளப்பும் தண்ணீரும் சகதியும் நேரே எஞ்சின் வாய்க்குள் போகும். அதைத் தடுக்க முன்சக்கர டயரின் தோளில் வெளிப்பக்கம் நீட்டிய ரப்பர் விளிம்பு ஒன்றைச் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். தண்ணீர் அதில் பட்டுப் பக்கவாட்டில் தாழ்வாகச் சிதறும். ஒரே சக்கரம் என்றால் இரண்டு தோளிலும் விளிம்பு. இரட்டைச் சக்கரம் என்றால் ஒவ்வொன்றிலும் வெளித்தோளில் மட்டும். பனிக்கும் மழைக்கும் ஒருசேர உதவும் டயர் உத்தி என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

மற்றபடி மும்பையில் டயரைத் தேர்ந்தெடுத்து ஒன்றும் பெரிதாகச் சாதிக்க முடியாது. அழுத்தத்தை விமானத் தயாரிப்பாளர் நிர்ணயித்துவிட்டார். 737 அதன் 127 நாட்டுக்கு மேல்தான் தரையைத் தொடும். ஆக, தண்ணீரை நிற்கவிடாமல் செய்வது ஓடுபாதையின் வேலையாகிறது. பாதையின் நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். 60 மீட்டர் அகலப் பாதையில் ஒன்றரைச் சதவீதச் சரிவு என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 45 சென்டிமீட்டர் வித்தியாசம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், வடியாத பட்சத்தில், இரண்டே நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். ஜீப்பில் போய்ப் பார்த்து 5 என்று மதிப்பெண் சொன்னவர் திரும்பி வருவதற்குள் அது 2 ஆகியிருக்கலாம்.

பாதையின் முகமும் முக்கியம். சக்கரங்கள் தொடும் இடத்தில் கரேலென்று நீளமான கறை இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். சுழலாத டயர் முதல் கணத்தில் தேய்ந்து விட்டுப்போன ரப்பர் அது. நாளொன்றுக்கு 900க்கும் மேல் விமானங்கள் வந்து போகிற நிலையத்தில் அது வேகமாகப் படியும், சொரசொரப்பான தரையின் நுண்குழிகளை அடைத்து மெழுகிவிடும். அதன் மேல் மெல்லிய ஈரம் இருந்தாலே போதும், 3 மில்லிமீட்டர் எல்லாம் தேவையில்லை, டயர் வழுக்கும். ஆகவே உயரழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி அந்தக் கறையைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு ஓடுபாதைகளையும் ஒரு நாளில் சில மணி நேரம் மூடிப் பழுதுபார்ப்பது வழக்கம். 2024இல் அது மே 9, காலை 11 மணியிலிருந்து மாலை 5 வரை. சில சமயம் ஓடுபாதையில் கருப்புக்குப் பதில் வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை ஆபத்தின் கையெழுத்து. பூட்டிக்கொண்ட சக்கரம் ஈரத்தில் நெடுந்தூரம் சறுக்கும்போது தண்ணீர் கொதித்து நீராவியாகும். ரப்பர் உருகிப் பிசினாகும். அந்த நீராவி தரையைக் கழுவி வெளுத்துவிடும்.

வடியும் தண்ணீர் எங்கே போகிறது? மித்தி ஆறு அந்த விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கிருந்து குர்லா, பாந்த்ரா–குர்லா வளாகம், தாராவி வழியாக மாஹிம் கழியில் கலக்கிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது மித்தி வடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது ஆறும் கழியும் ஓடுபாதையும் ஒன்றாகி, விமான நிலையத்தையே மூடினார்கள். தாராவிக்காரருக்கு மித்தி என்றால் வீட்டுக்குள் வரும் சாக்கடைத் தண்ணீர். விமானத்துக்கு அதுவே பிரேக்கின் ஒரு பாகம். பெரிய பாதை மூடினால் மிஞ்சுவது குறுக்கே ஓடும் 14–32 பாதை. 500 மீட்டருக்கு மேல் குட்டை. அதன் தென்கிழக்கு முனைக்கு நேரே செம்பூர் பக்கமும் டிராம்பே குன்றும் இருக்கின்றன. அந்த நாட்களில் தலைக்கு மேல் சத்தம் கூடிவிட்டதே என்று செம்பூர்க்காரர்கள் நினைப்பது பிரமை அல்ல.

ஈரமே பிடிக்காத விமானங்கள் இந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்தன. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு பஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டிவந்து ஜுஹுவில் இறக்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற இன்னொரு பைலட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோனார். நம் ஊருக்கு முறையான விமானத் தபால் வந்த கதை இது. அன்றைய ஜுஹு கடலோரச் சேற்றுத் திடல். தார் இல்லை, சரிவு இல்லை, வடிகால் இல்லை. மழை பிடித்தால் சேறு. அந்தச் சேற்றுக்கு எந்த டயரும் சரிப்படாது என்று டாட்டாவின் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பருவமழைக்கும் விமானங்கள், பைலட்டுகள், மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு புணேவுக்குப் போய், எரவாடா சிறைச்சாலைக்குப் பக்கத்திலிருந்த திடலிலிருந்து சேவையை நடத்தினார்கள். மழை விட்டு ஜுஹு காய்ந்ததும் திரும்பி வந்தார்கள்.